சின்னம் பொறித்த சட்டை: அமெரிக்க வளாகங்களில் நெறிசார்ந்த கொள்முதல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் பெயரே ஒரு வருமானம். வளாகப் புத்தகக் கடைகளில் பாடநூல்களுக்குச் சமமாக இடம்பிடித்திருப்பவை பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த டி-ஷர்ட்டுகளும் தொப்பிகளும் ஸ்வெட்டர்களும்தான். படிக்கும் மாணவர், படித்து முடித்தவர், பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர், அந்த வளாகத்தை மிதிக்காமலே அதன் கால்பந்து அணிமீது பித்தாக இருப்பவர் என எல்லோரும் வாங்குகிறார்கள். இந்த ஆடைகளைப் பல்கலைக்கழகம் தைப்பதில்லை. தன் பெயரையும் சின்னத்தையும் அச்சிட ஆடை நிறுவனங்களுக்கு உரிமம் தருகிறது. விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாக வந்து சேர்கிறது. 1981இல் தொடங்கிய காலேஜியேட் லைசென்சிங் கம்பெனி என்ற இடைநிறுவனம் பல பல்கலைக்கழகங்களின் சார்பில் இந்த உரிமங்களைக் கவனித்துவந்தது. 1990களின் இறுதியில் இந்தச் சந்தையின் ஆண்டு மதிப்பு சுமார் 250 கோடி டாலர். நைக்கி, அடிடாஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் விளையாட்டு அணிகளுக்குச் சீருடையும் காலணியும் தருவதற்குப் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் தனி.

வளாகங்களில் நெறிசார்ந்த கொள்முதலை வலியுறுத்திய மாணவர் குழுக்களுக்குப் பிடி கிடைத்தது இந்த ஒப்பந்தத் தாளில்தான். ஒரு மாணவர் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு ஒரு சட்டையை வாங்காமல் விட்டால் அது அவரோடு முடிந்துவிடும். சட்டை தைத்தவருக்கோ தைக்கவைத்தவருக்கோ செய்தி போய்ச் சேராது. பல்கலைக்கழகம் தன் உரிம ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதி, மீறினால் உரிமம் ரத்து என்று சொன்னால் கதை வேறு. உரிமம் வேண்டும் என்கிற நிறுவனம் அந்த நிபந்தனையைத் தன் ஒப்பந்ததாரருக்கும் அவருக்குக் கீழே உள்ள தொழிற்சாலைக்கும் கடத்தியே தீர வேண்டும். கடைக்கு வரும் தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பாமல் நிறுவனத்தின் கொள்முதல் விதியை மாற்றப் போராடியதுதான் இந்த இயக்கத்தை மற்ற பல நுகர்வோர் இயக்கங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இயக்கம் முளைத்த காலத்தில் ஆடைத் தொழிலின் மறுபக்கம் அமெரிக்கச் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்டது. 1995 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் எல் மான்டே ஊரில் முள்கம்பி வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். மறு ஆண்டு, தொலைக்காட்சிப் பிரபலம் கேத்தி லீ கிஃபோர்டின் பெயரில் வால்மார்ட்டில் விற்ற உடைகளை ஹோண்டுராஸில் சிறுமிகள் தைத்த விவரம் வெளியானது. அதே 1996இல் அதிபர் கிளின்டன் ஆடை நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் மனித உரிமை அமைப்புகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்தார். 1997 கோடையில் யுனைட் என்ற ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நம் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையைத் தைப்பது யார், எந்த நிலையில்? விடுமுறை முடிந்து அவர்கள் வளாகங்களுக்குத் திரும்பியபோது கேள்வியும் கூடவே போனது.

முதலில் பலன் தெரிந்த இடம் வட கரோலினாவின் ட்யூக் பல்கலைக்கழகம். 1998 மார்ச்சில் அது தன் உரிமதாரர்களுக்கென ஒரு நடத்தை விதிமுறையை ஏற்றது. குழந்தை உழைப்பும் கட்டாய உழைப்பும் கூடாது, உள்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் காக்கப்பட வேண்டும், சங்கம் சேரும் உரிமை மதிக்கப்பட வேண்டும் என்பன அதன் சாரம். அந்தக் கோடையிலேயே பல வளாகக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து யுனைட்டெட் ஸ்டூடண்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஸ்வெட்ஷாப்ஸ் என்ற நாடு தழுவிய அமைப்பைத் தொடங்கின. மாணவர்கள் அதைச் சுருக்கி யூசாஸ் என்பார்கள்.

விதிமுறை கையில் வந்ததும் அதன் ஓட்டை தெரிந்தது. எந்தத் தொழிற்சாலையில் தைக்கிறார்கள் என்பதே தெரியாதபோது அங்கே விதி காக்கப்படுகிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? பிராண்ட் நிறுவனம் ஆர்டரை ஓர் ஏஜென்டிடம் தரும். ஏஜென்ட் ஒரு தொழிற்சாலைக்குத் தருவார். வேலை நெருக்கினால் தொழிற்சாலை அதில் பாதியை வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும். தொழிற்சாலைகளின் பெயரும் முகவரியும் தொழில் ரகசியம், போட்டியாளர் கைக்குப் போய்விடும் என்று நிறுவனங்கள் மறுத்தன. அதனால் மாணவர்களின் அடுத்த கோரிக்கை முகவரிப் பட்டியலாக இருந்தது. 1999இன் முதல் மாதங்களில் துணைவேந்தர் நிலையில் உள்ளவர்களின் அலுவலகங்களில் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ட்யூக்கில் 31 மணி நேரம், ஜார்ஜ்டவுனில் 85, மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 97, மிச்சிகனில் 51, அரிசோனாவில் 225 மணி நேரம் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக இணங்கின. அக்டோபரில் நைக்கி தன் வளாக ஆடைகளைத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. போட்டியாளர்களால் அதற்கு ஒரு கேடும் வரவில்லை. 2005இல் அந்நிறுவனம் உலகம் முழுவதும் தனக்குத் தைக்கும் எல்லாத் தொழிற்சாலைகளின் பெயர்களையும் தானாகவே வெளியிட்டது. இன்று பெரிய ஆடை நிறுவனங்கள் பல இந்தப் பட்டியலை இணையத்தில் போட்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. மாணவர்கள் தரையில் படுத்துப் பெற்ற முதல் பலன் அது என்பது அந்தப் பக்கங்களில் இருக்காது.

முகவரி கிடைத்தபின் போய்ப் பார்ப்பவர் யார் என்பது அடுத்த சிக்கல். கிளின்டன் அமைத்த குழுவிலிருந்து 1998 நவம்பரில் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு உருவானது. அதன் நிர்வாகத்தில் ஆடை நிறுவனங்களுக்கு வலுவான இடம் இருந்தது. வாழ்வதற்குப் போதுமான கூலி என்ற கோரிக்கை விதிகளில் இடம்பெறவில்லை. யுனைட் சங்கம் வெளியேறியது. கண்காணிக்கப்பட வேண்டியவர்களே கண்காணிப்பவரை நியமிக்கும் ஏற்பாட்டை மாணவர்களும் ஏற்கவில்லை. எதிர்ப்பதோடு நிற்காமல் மாற்று அமைப்பு ஒன்றையே வடிவமைத்தார்கள். ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம், சுருக்கமாக டபிள்யூஆர்சி, 2000 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் முறையாகப் பிறந்தது. அதன் ஆட்சிக் குழுவில் பல்கலைக்கழக நிர்வாகிகள், மாணவர்கள், தொழிலாளர் உரிமை வல்லுநர்கள் என்ற மூன்று தரப்புக்கும் சம இடம். ஆடை நிறுவனங்களுக்கு இடமே கிடையாது. செலவுக்கு உறுப்புப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ராயல்டி வருமானத்திலிருந்து ஒரு சிறு பங்கைத் தருகின்றன. இப்போது அதில் சுமார் 150 பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன.

நிறுவனங்கள் இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டன என்பதற்கு ஒரேகான் பல்கலைக்கழகமே சான்று. நைக்கியை நிறுவிய ஃபில் நைட் அங்கே படித்தவர், அதன் மிகப் பெரிய கொடையாளர். 2000 ஏப்ரலில் ஒரேகான் டபிள்யூஆர்சியில் சேருவதாக அறிவித்ததும், விளையாட்டரங்க விரிவாக்கத்துக்கு அவர் தருவதாக இருந்த 3 கோடி டாலரைத் தர மறுத்தார். ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் அந்த உறுப்பினர் பொறுப்பிலிருந்து நழுவியது. கொடையும் பிறகு திரும்பி வந்தது. பணக்காரப் பழைய மாணவர் ஒருவரின் கைக்கு எட்டிய தூரத்தில் பல்கலைக்கழகத்தின் கொள்கை இருக்கலாம் என்பதை அந்த வளாகம் அனுபவித்து அறிந்தது.

டபிள்யூஆர்சி சந்தித்த முதல் பெரிய சோதனை மெக்சிகோவின் பூவெப்லா மாநிலத்து அட்லிஸ்கோ நகரில் இருந்த குக்டாங் என்ற தொழிற்சாலை. கொரிய முதலாளியின் தொழிற்சாலை. நைக்கிக்கும் ரீபாக்குக்கும் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட ஸ்வெட்ஷர்ட்டுகள் அங்கே தைக்கப்பட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சச்சரவு சாப்பாட்டில் தொடங்கியது. கேன்டீனில் கெட்டுப்போன உணவு போடுகிறார்கள் என்று 2000 டிசம்பரில் தொழிலாளர்கள் கேன்டீனைப் புறக்கணித்தார்கள். முன்னின்ற ஐந்து பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். அங்கே ஒரு சங்கம் இருந்தது. ஆனால் அது தொழிலாளர்களைக் கேட்காமல் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட சங்கம். ஜனவரியில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தொழிற்சாலை வளாகத்திலேயே தங்கிவிட்டார்கள். சில நாள்களில் கலவரத் தடுப்புப் போலீஸ் இரவில் புகுந்து அடித்து விரட்டியது.

சில வாரங்களுக்குள் டபிள்யூஆர்சி குழு அட்லிஸ்கோவில் இருந்தது. அதன் விசாரணை முறையைக் கவனிக்க வேண்டும். வழக்கமான தணிக்கையில் ஆடிட்டர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவார், சம்பளப் பதிவேட்டைப் புரட்டுவார், மேற்பார்வையாளர் பொறுக்கி அனுப்பும் நாலு பேரைத் தொழிற்சாலைக்குள்ளேயே அழைத்துப் பேசுவார். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு பையர் ஆடிட் நாள் என்றால் என்னவென்று தெரியும்: அன்றைக்குக் கழிப்பறை மணக்கும், தீயணைப்புக் கருவி பளபளக்கும், கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். டபிள்யூஆர்சி இதைத் தலைகீழாக்கியது. தொழிலாளர்களை அவர்கள் வீட்டில், தெருவில், அவர்களுக்குப் பயமில்லாத இடத்தில் பார்த்தது. அவர்கள் சொன்னதிலிருந்து தொடங்கிப் பிறகு பதிவேட்டுக்குப் போனது. அறிக்கையில் தொழிற்சாலையின் பெயர் மறைக்கப்படாமல் வெளியானது. வளாகங்களிலிருந்து நைக்கிக்கு அழுத்தம் வந்தது. நைக்கியிடமிருந்து குக்டாங்குக்கு வந்தது. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். 2001 செப்டம்பரில் தொழிலாளர்கள் தாங்களே அமைத்த சங்கம் அங்கீகாரம் பெற்று நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம் கண்டது. ஏற்றுமதிக்கென்றே இயங்கும் மெக்சிகோ ஆலைகளில் இது மிக அரிய நிகழ்வு.

ஆனாலும் ஒரு தொழிற்சாலையில் வென்றால் அந்தத் தொழிற்சாலைக்கு ஆர்டர் நிலைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. டொமினிக்கன் குடியரசின் வில்லா அல்ட்டகிராசியாவில் பிஜே அண்ட் பி என்ற தொப்பித் தொழிற்சாலை இருந்தது. பல்கலைக்கழகத் தொப்பிகள் பல அங்கே தைக்கப்பட்டன. மாணவர்களின் துணையோடு அங்கே சங்கம் அமைந்து 2003இல் கூட்டு ஒப்பந்தமும் வந்தது. ஆர்டர்கள் குறைந்தன, 2007இல் ஆலை மூடப்பட்டது. விதியை மதிக்கச் சொல்லும் அதே பையர், ஒரு பீஸுக்குச் சில சென்ட் குறைத்துத் தரும் வேறு நாட்டுக்கு ஆர்டரை மாற்றினால், விதியை மதித்த ஆலைதான் முதலில் சாகிறது. விலையைத் தொடாத நெறிமுறைகள் எல்லாவற்றின் அடியிலும் இருக்கும் விரிசல் இது. இதைச் சரிசெய்யவே 2005இல் மாணவர்களும் டபிள்யூஆர்சியும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள்: சங்க உரிமையையும் வாழ்க்கைக்கூலியையும் உறுதிசெய்த குறிப்பிட்ட ஆலைகளிடமிருந்தே வளாக ஆடைகள் வாங்கப்பட வேண்டும், அதற்கேற்ற விலையும் தொடர்ந்த ஆர்டரும் தரப்பட வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தலையசைத்தன. வாங்குவோர் கூடி விலை பேசுவது போட்டிச் சட்டத்துக்கு எதிரானதாகிவிடுமோ என்ற தயக்கத்தில் நின்றன. அமெரிக்க நீதித்துறை 2011 டிசம்பரில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் தெரிவித்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. திட்டம் முழு அளவில் நடைமுறைக்கு வரவே இல்லை. இயக்கத்தின் வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தை ரத்து செய்யும் ஆயுதம் முழு வீச்சில் பயன்பட்டது ஹோண்டுராஸ் விவகாரத்தில். ஃப்ரூட் ஆஃப் த லூம் நிறுவனத்துக்குச் சொந்தமான ரஸ்ஸல் அத்லெட்டிக், 2009 ஜனவரியில் சோலோமா நகரில் இருந்த ஜெர்சீஸ் தெ ஹோண்டுராஸ் ஆலையை மூடியது. சுமார் 1,200 பேருக்கு வேலை போனது. சந்தை மந்தம்தான் காரணம் என்றது நிர்வாகம். தொழிலாளர்கள் சங்கம் அமைத்ததுதான் மூடலுக்கு முக்கியக் காரணம் என்று டபிள்யூஆர்சி விசாரணை காட்டியது. வேலையிழந்த தொழிலாளர்கள் அமெரிக்க வளாகங்களுக்கு வந்து வகுப்பறைகளில் பேசினார்கள். ஜார்ஜ்டவுன், மிச்சிகன், ட்யூக், விஸ்கான்சின் என உரிம ரத்துகள் தொடர்ந்தன. இறுதியில் நூறுக்கு நெருக்கமான பல்கலைக்கழகங்கள் ரஸ்ஸலைக் கைவிட்டன. தாய் நிறுவனம் வாரன் பஃபெட் தலைமையிலான குழுமத்துக்குச் சொந்தம் என்பதால் மாணவர்கள் அவருடைய ஒமாஹா வீட்டுக் கதவையும் தட்டினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ரஸ்ஸல் இறங்கிவந்தது. புதிய நாள் என்று பொருள்படும் நுவேவோ தியா என்ற பெயரில் ஆலையை மறுபடி திறக்கவும், 1,200 பேரையும் வேலைக்கு எடுக்கவும், நாட்டிலுள்ள தன் மற்ற ஆலைகளில் சங்க முயற்சிகளுக்குக் குறுக்கே நிற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. மூடிய ஆலையைத் திறக்கவைப்பது உலக ஆடைத் தொழிலில் கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதை நடத்திக்காட்டியவர்களில் ஒரு பாதி வேலையிழந்த தையல் தொழிலாளர்கள், மறு பாதி இருபது வயது மாணவர்கள்.

ஆலை மூடும்போது சட்டப்படி தர வேண்டிய வேலைநீக்க இழப்பீட்டைத் தராமல் முதலாளி மறைந்துவிடுவது இந்தத் தொழிலின் தீராத நோய். ஒப்பந்ததாரர் ஓடினால் பிராண்ட் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டா? சட்டம் இல்லை என்றது. வளாக ஒப்பந்தம் உண்டு என்றது. ஹோண்டுராஸில் நைக்கிக்குத் தைத்த இரண்டு ஆலைகள் 2009இல் மூடியபோது இழப்பீடு பாக்கி நின்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2010 ஏப்ரலில் நைக்கி உரிமத்தை முடித்துக்கொண்டது; ஜூலையில் நைக்கி 15 லட்சம் டாலர் நிதி தர முன்வந்தது. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவை ஒட்டிய தங்கராங்கில் பிடி கிஸோன் ஆலை 2011இல் மூடியது. சுமார் 2,700 பேருக்குப் பணம் பாக்கி. அங்கே தைக்கவைத்தவர்களில் அடிடாஸும் ஒன்று. நைக்கி தன் பங்கைக் கொடுத்தது, அடிடாஸ் மறுத்தது. கார்னெல் 2012இல் அடிடாஸ் உறவை முறித்தது, மற்றவை தொடர்ந்தன, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நீதிமன்றத்துக்கே போனது. 2013 ஏப்ரலில் அடிடாஸ் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது.

எதிர்த்துப் போராடுவதற்கு அப்பால், நல்ல ஆலை எப்படி இருக்கும் என்று காட்டவும் ஒரு முயற்சி நடந்தது. மூடிக்கிடந்த பிஜே அண்ட் பி கட்டடத்திலேயே 2010இல் அல்ட்டா கிராசியா என்ற ஆலை திறக்கப்பட்டது. நைட்ஸ் அப்பேரல் நிறுவனம் முதல் போட்டது. கணக்கையும் நடத்தையையும் பார்க்கும் உரிமை டபிள்யூஆர்சிக்குத் தரப்பட்டது. அங்கே நாட்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 85 சென்ட். இந்த ஆலை தந்தது 2.83 டாலர். புதிதாக இறக்கப்பட்ட சாய்மானமுள்ள நல்ல நாற்காலிகளைப் பார்த்த தையல்காரப் பெண்கள் அவை மேலாளர்களுக்கு வந்தவை என்று நினைத்தார்களாம். ஒரு டி-ஷர்ட்டின் உற்பத்திச் செலவு 4.80 டாலர், குறைந்தபட்சக் கூலி மட்டும் தந்திருந்தால் ஆகும் செலவைவிட 80 சென்ட் அதிகம். கடையில் அது விற்ற விலை 18 டாலர். மூன்று மடங்குக்கு மேற்பட்ட கூலிக்கு 80 சென்ட் போதும் என்ற இந்தக் கணக்கு, கூலியை உயர்த்தினால் விலை கட்டாது என்ற வாதத்துக்கு எந்தத் துண்டறிக்கையையும் விட நல்ல பதில்.

அந்த வாதம் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயிருந்தும் வந்தது. ஜகதீஷ் பகவதி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2000இல் பல்கலைக்கழகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்: அந்நாடுகளின் சந்தை நிலைக்கு மேல் கூலியை உயர்த்தக் கட்டாயப்படுத்தினால் வேலைகள் குறையும், யாருக்கு உதவ நினைக்கிறீர்களோ அவர்களே பாதிக்கப்படுவார்கள், மாணவர்களின் அழுத்தத்துக்கு அவசரப்பட்டு இணங்காதீர்கள். ராபர்ட் போலின் முதலான வேறு பொருளியலாளர்கள் மறு ஆண்டு எதிர்க் கடிதம் வெளியிட்டார்கள். பின்னர் ஆன் ஹாரிசன், ஜேசன் ஸ்கோர்ஸ் இருவரும் இந்தோனேசியாவின் 1990களின் தரவுகளை ஆராய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிரச்சாரத்துக்கு இலக்கான ஆலைகளில் கூலி கணிசமாக உயர்ந்தது. லாபம் குறைந்தது, சில சிறிய ஆலைகள் மூடின. மொத்த வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை. பகவதி தரப்பின் அச்சம் வெறுங்கற்பனை அல்ல, பிஜே அண்ட் பிக்கு நேர்ந்ததே அதற்குச் சான்று. ஆனால் அந்த அச்சத்தைக் காட்டிக் கூலியைத் தொடாமலே விட்டுவிடுவதற்குத் தரவுகள் இடம் கொடுக்கவில்லை.

ஆடையில் பழகிய முறை சாப்பாட்டுக்கும் போனது. ஃப்ளோரிடாவின் இம்மோகலீயில் தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் 2001இல் டாக்கோ பெல் உணவகத் தொடரைப் புறக்கணிக்க அழைத்தார்கள். கேட்டது பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல். பல வளாகங்களில் மாணவர்கள் டாக்கோ பெல் கடைகளை வெளியேற்றினார்கள் அல்லது வரவிடாமல் தடுத்தார்கள். 2005இல் அந்த ஒரு சென்ட் கிடைத்தது. நியாய வணிக முத்திரை பெற்ற காபியும் சாக்லேட்டும் வளாகங்களுக்குள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 2003இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் புரூக்ஸ், நியாய வணிகப் பல்கலைக்கழகம் என்ற தகுதியைப் பெற்ற முதல் பல்கலைக்கழகமானது. முத்திரையை நம்பி வாங்குவது எளிது, நிர்வாகத்துக்கும் சங்கடமில்லை. ஆனால் முத்திரை பொய்த்தால் கேள்வி கேட்கும் வழி மாணவர் கையில் இல்லை. ஆடை இயக்கத்தோடு ஒப்பிட்டால் அதன் வலு குறைவுதான்.

சூழல் சார்ந்த கொள்முதலில் இந்தியாவைத் தொட்ட நிகழ்வு ஒன்று உண்டு. கேரளத்தின் பிளாச்சிமடையிலும் ராஜஸ்தானின் காலாடேராவிலும் கோக்க-கோலா ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். கொலம்பியாவில் தொழிற்சங்கத்தினர் கொல்லப்பட்டது குறித்தும் புகார்கள் இருந்தன. இவற்றை முன்வைத்து மாணவர்கள் வலியுறுத்தியதால் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2006 தொடக்கத்தில் அந்நிறுவனப் பானங்களை வாங்குவதை நிறுத்தியது. சுதந்திரமான ஆய்வுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டதால் சில மாதங்களில் மீண்டும் வாங்கத் தொடங்கியது. இந்திய ஆலைகளை ஆய்வு செய்தது டெல்லியின் டெரி நிறுவனம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு ஆலைகளில் தமிழ்நாட்டின் நேமமும் ஒன்று. 2008 ஜனவரியில் வந்த அறிக்கை, காலாடேராவில் தண்ணீரை வேறிடத்திலிருந்து கொண்டுவரவேண்டும், இல்லையேல் ஆலையை இடம் மாற்றவோ மூடவோ வேண்டும் என்ற அளவுக்குப் பேசியது. நிறுவனம் உடனே மூடவில்லை. பல்கலைக்கழகமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆய்வுக்கு ஒப்புக்கொள்வதையும் ஆய்வின் முடிவுக்குக் கட்டுப்படுவதையும் ஒப்பந்தத்தில் பிரித்து எழுதாமல் விட்டதன் விளைவு அது.

மாணவர் இயக்கத்துக்கே உரிய பலவீனம் காலம். ஓர் இளங்கலை மாணவர் வளாகத்தில் இருப்பது நான்கு ஆண்டு. விஷயம் பிடிபட ஓராண்டு போகும், நிர்வாகத்தோடு பேசிச் சலிக்க ஓராண்டு. கடைசி ஆண்டில் வேலை தேடும் கவலை. கோடை விடுமுறைவரை தள்ளிப்போட்டால் போராட்டம் ஓய்ந்துவிடும் என்பதை நிர்வாகங்கள் நன்றாக அறிந்திருந்தன. இயக்கம் இதற்குக் கண்ட வழி, வென்றதை உடனுக்குடன் எழுத்தாக்கி வைப்பது: உரிம ஒப்பந்தத்தில் ஷரத்து, ஆசிரியரும் மாணவரும் இடம்பெறும் நிலைக்குழு, டபிள்யூஆர்சி உறுப்பினர் பொறுப்பு. ஆள் மாறினாலும் இவை நின்றன. 2015இல் நைக்கி தன் ஆலைகளுக்குள் டபிள்யூஆர்சியை விட மறுத்தபோது, குக்டாங் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்த ஒரு தலைமுறை அதை எதிர்கொண்டது. நைக்கிக்கும் தைத்த வியட்நாமின் ஹான்சே ஆலையில் வெக்கையும் வேலைப்பளுவும் தாங்காமல் தொழிலாளர்கள் மயங்கி விழுவதை டபிள்யூஆர்சி அறிக்கை வெளிக்கொணர்ந்தது. ஜார்ஜ்டவுன் மாணவர்கள் 2016 டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். 2017இல் நைக்கி மீண்டும் அனுமதி தந்தது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தபின், தன்னார்வ வாக்குறுதிகளின் காலம் முடிந்தது என்று சங்கங்கள் அறிவித்தன. தொழிற்சங்கங்களும் பிராண்ட் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படும் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு அடுத்த மாதமே வந்தது. வங்கதேசத்தில் தைக்கும் உரிமதாரர்கள் அதில் கையெழுத்திட வேண்டும் என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிபந்தனை விதித்தன; மறுத்த விஎஃப் நிறுவனத்தின் ஜான்ஸ்போர்ட் உரிமங்கள் பல வளாகங்களில் முடிவுக்கு வந்தன.

இந்தப் பாதை திண்டுக்கல் மாவட்டம் வரை நீள்கிறது. டபிள்யூஆர்சி இன்று வளாக ஆடைகளோடு நிற்பதில்லை. மற்ற ஏற்றுமதி ஆலைகளையும் விசாரிக்கிறது. திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆலை வேடசந்தூர் பகுதியில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலர் தலித்துகள். 2021 ஜனவரியில் அந்த ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். டபிள்யூஆர்சி தொழிலாளர்களை ஆலைக்கு வெளியே சந்தித்து விசாரித்தது. பாலியல் தொந்தரவும் மிரட்டலும் ஒரு தனி ஆளின் குற்றத்தோடு முடிவன அல்ல, ஆலை முழுவதும் பரவியிருந்தன என்று கண்டது. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவை ஈஸ்ட்மேனோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் உடன்பாடு செய்துகொண்டன. கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதில் இணைந்தன. திண்டுக்கல் உடன்பாடு என்று பெயர்பெற்ற அது ஆலையோடு இரண்டு நூற்பாலைகளையும் சேர்த்து சுமார் 5,000 தொழிலாளர்களுக்குப் பொருந்தியது. சங்கம் பயிற்சி தந்த தொழிலாளர்கள் தையல் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக இருந்து புகார்களைக் கொண்டுசெல்லலாம். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. கம்பெனிக்கு வெளியே உள்ள நடுவர்கள் விசாரித்துப் பரிகாரத்துக்கு உத்தரவிடலாம். ஈஸ்ட்மேன் தன் பொறுப்பிலிருந்து தவறினால், அது திருத்திக்கொள்ளும்வரை பையர் நிறுவனங்கள் ஆர்டரைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்பது உடன்பாட்டின் ஷரத்து.